பின்பலகையும் யந்திரத் தண்டும்

படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு தொங்கும் யந்திரத்தை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதன் குதிரைச் சக்தியை விசாரிக்கிறார்களே தவிர, தண்டு எத்தனை அங்குலம் என்று விசாரிப்பவர் அபூர்வம். ஆனால் பலகையின் உயரத்துக்குப் பொருந்தாத தண்டோடு வந்து சேரும் யந்திரம், எவ்வளவு சக்தி வாய்ந்ததாயினும், அதில் கணிசமான பங்கை நுரை கிளப்புவதிலேயே விரயம் செய்துவிடும்.

தண்டின் நீளம் என்று வியாபாரிகள் குறிப்பிடுவது, பலகைமீது கவ்வி உட்காரும் இடத்திலிருந்து, விசிறிக்குச் சற்று மேலே இறக்கை விரித்தாற்போல் கிடையாக நிற்கும் தகடு வரையிலுள்ள தூரத்தையே. இது சாதாரணமாக 15, 20, 25 அங்குலம் என்ற அளவுகளில் கிடைக்கிறது. பெரிய யந்திரங்களில் 30 அங்குலமும் உண்டு. படகுக்காரர் செய்யவேண்டியது, பலகையின் நட்டநடுவில் மேல்விளிம்பிலிருந்து அடிப்புறம் வரையில் அளந்து, அதற்கேற்ற தண்டைக் கேட்டு வாங்குவதுதான். அடிப்புறம் நடுவில் கூர்ந்து இறங்கும் படகில் ஓரமாக அளந்தால் கணக்குப் பிசகிவிடும்.

தண்டு குறுகிப்போனால் நேரும் விபரீதம் காதிலேயே விழும். அலையின் முகட்டில் படகின் பின்புறம் எழும்பும் கணத்தில், விசிறி இலைகளின் உறிஞ்சும் பக்கத்தில் உண்டாகும் தாழ்வழுத்தம் மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொள்ள, தள்ளுவதற்கு நீரின்றி நுரையே அகப்பட்ட விசிறி பாரமிழந்து வெறியோடு சுழல, யந்திரம் ஓலமிடுகிறது; படகின் வேகமோ தளர்கிறது. இதனினும் கொடியது, யந்திரத்தைக் குளிர்விக்கும் ஜலம் ஏறுகிற துவாரங்களிலும் காற்றுப் புகுந்து, நீரில்லாமல் சுழலும் பம்பின் ரப்பர் இதழ்கள் வறண்டு தேய, யந்திரமே சூடேறிப் பழுதாவது. தண்டு நீண்டுபோனாலோ அத்தனை ஆபத்தில்லை: பல்சக்கரப் பெட்டி நீரில் இழுபட்டு வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும், பாக் நீரிணை போன்ற ஆழங்குறைந்த கடலில் விசிறி மணலைக் கிளறும்.

குறுந்தண்டு யந்திரம் ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டது என்பதற்காக, உயரமான பலகையை அறுத்துத் தாழ்த்தும் சாமர்த்தியத்தை என்னால் மெச்ச இயலவில்லை. விரைந்து செல்லும் படகு திடீரென்று வேகத்தைக் குறைக்கும்போது, தான் பின்னே எழுப்பிவந்த அலையே அதை எட்டிப்பிடித்துப் பலகையின் மேலாக உள்ளே பாயக்கூடும். அங்கேயோ யந்திரத்தின் பளுவும் எண்ணெய்க் கலனும் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்து படகை ஏற்கெனவே அமிழ்த்தி வைத்திருக்கின்றன. பலகை தாழ்ந்த படகுகள் பலவற்றில் அதற்கு உட்புறமாக, புகும் நீரை ஏந்தி வெளியே வடித்துவிடும் தொட்டி ஒன்றை அமைப்பது இதை உத்தேசித்துத்தான். கடலை அனுசரித்துப் பலகையின் உயரத்தையும், பலகையை அனுசரித்துத் தண்டின் நீளத்தையும் நிச்சயிப்பதே கிரமம். திறந்த கடலுக்குப் போகும் படகுக்கு 20 அங்குலத்துக்குக் குறைந்த பலகை ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

அளவுகள் பொருந்திய பிறகும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் ஏற்றியிறக்கும் வேலை எஞ்சியிருக்கும். கரையில் படகின் அடிப்புறத்தை ஒட்டி நேரான சட்டம் ஒன்றைப் பின்னே நீட்டினால், கிடைத்தகடு அதற்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்கவேண்டும். பிறகு வழக்கமான சுமையோடு முழுவேகத்தில் ஓடவிட்டு, தகடு நீரின் மேற்பரப்பை ஒட்டி வருகிறதா என்று கவனிக்கலாம். திருப்பத்தில் விசிறி காற்றை விழுங்கினால் யந்திரத்தை ஒரு துளை கீழே இறக்கவேண்டும். தகடு ஆழத்தில் புதைந்து நீரை வாரியிறைத்தால், கவ்விக்கு அடியில் மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து உயர்த்தி, போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டு, இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும்.