‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடப் பயிற்சி வேண்டுமா?

போதை கெடுதல் என்று எந்த மாணவனுக்குத் தெரியாது? தெரிந்தும் சிலர் ஏன் தொடுகிறார்கள்?

பதின்வயதில் மூளையின் ஆசைப் பகுதி முந்திக்கொள்கிறது. யோசித்துத் தடுக்கும் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வரை ஆகலாம். நண்பர்கள் சூழ்ந்திருந்தால் அவசரம் இன்னும் கூடும். அப்போது தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

கொங்குக் கிராமங்களில் முன்பு நீச்சலை எப்படிப் பழக்குவார்கள்? முதுகில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கையை) கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். ‘ஆழம், பார்த்து!’ என்ற எச்சரிக்கை யாரையும் மிதக்க வைக்காது. கைகால் பழக வேண்டும்.

போதைத் தடுப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் கில்பர்ட் பாட்வின் உருவாக்கிய வாழ்க்கைத்திறன் பயிற்சியில் மாணவர்கள் நடித்தே பழகுகிறார்கள். நம் வகுப்பறையில் என்றால் இப்படி: “ஒரே ஒரு இழுப்புடா!” என்கிறான் ஒருவன். “எனக்கு வேண்டாம்டா, வா, டீ குடிக்கலாம்” என்கிறான் அடுத்தவன். திரும்பத் திரும்பச் சொன்னால், தேவைப்படும் நேரத்தில் பதில் தடுமாறாது. கோபத்தையும் கவலையையும் சமாளிக்கவும் கற்கிறார்கள்.

உதவி கேட்பதும் ஒரு திறன்தான். கோவை மாநகரக் காவல்துறை 2022-இல் தொடங்கிய ‘போலீஸ் அக்கா’ திட்டத்தில் கல்லூரிக்கு ஒரு பெண் காவலர் பொறுப்பு. போதைப் புழக்கம் பற்றி அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வீட்டிலும் அறிவுரையோடு நிறுத்தாதீர்கள். “சிநேகிதன் நீட்டுனா என்ன சொல்லுவ கண்ணு?” என்று கேளுங்கள். பிள்ளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.