சாவடியில் ஒரு வீடு

பணி ஓய்வுக்குப் பின் எந்த ஊரில் குடியிருப்பது என்னும் கேள்வி இந்நாளில் பல இல்லங்களில் எழுகிறது. பெருநகரமே வசதி என்பார் ஒருவர். சிறிய ஊரே நிம்மதி என்பார் மற்றொருவர். பிள்ளைகள் தொலைவில் இருக்க, முதியவர் இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி அது.

அடியேனும் இல்லாளும் எட்டு ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வியை எதிர்கொண்டோம். திருவல்லிக்கேணியில் நாங்கள் முப்பது ஆண்டுகள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் தெரிவித்தார். அப்பகுதியில் வேறு வீடு பிடிக்க ஓய்வூதியம் இடங்கொடுக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் தன்னுடன் வந்துவிடுமாறு அழைத்தான். நாங்களோ குமணன்சாவடியில் தரைத்தளத்தில் ஒரு சிறு வீட்டைத் தேர்ந்தோம். அதனால் பெற்றதையும் இழந்ததையும், இதே கேள்வியுடன் இருக்கும் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

பெற்றவை

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கி வரும் வழியில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிப் பெயர்கள் தொடர்கின்றன. முற்காலத்தில் இவ்வழியே நடந்தும் வண்டி கட்டியும் சென்றவர்களை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன.

இங்கு வந்ததில் முதல் ஆதாயம் ஆலயங்களே. குமணன்சாவடியிலிருந்து பிரியும் சாலை மாங்காட்டுக்குச் செல்கிறது. பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த காமாட்சியன்னை அங்கே அருள்பாலிக்கிறாள். ஆறு வாரம் எலுமிச்சங்கனியுடன் வந்து வழிபடும் அன்பர்களால் வார இறுதியில் அத்தலம் நிறைந்திருக்கும். வாரநாளின் முற்பகலில் நாங்கள் நின்று நிதானமாகத் தரிசித்துத் திரும்புவோம். மற்றொரு பக்கம் திருவேற்காடு: கருமாரியம்மனும் வேதபுரீசுவரரும் உறையும் ஊர், மூர்க்க நாயனார் அவதரித்த தலம். மேற்கே பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயில். இன்னும் சற்றுச் சென்றால் திருமழிசையாழ்வார் அவதாரத் தலம். பெருநகரில் இருந்தபோது ஆண்டுக்கு ஒருமுறை வண்டி பேசிச் சென்று வந்த தலங்கள் இவை. இப்போது காலை உணவுக்குப் பின் புறப்பட்டு, நடுப்பகலுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அடுத்தது வீடு. மாடிப்படி இல்லை. வாசலில் கோலமிட இடம் உண்டு. பின்புறத்தில் துளசிமாடமும் ஒரு மல்லிகைக் கொடியும் வைத்திருக்கிறோம். முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த வாடகையில் இவ்வளவும் கிடைத்தன.

இழந்தவை

இழப்புகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் வீதியுலா வரும்போது நாகசுர ஒலி கேட்டு மாடியிலிருந்து இறங்கினால் போதும்; சேவை கிட்டிவிடும். உபந்நியாசம் கேட்க மாலையில் உடன் வரும் நண்பர்கள் நால்வர் இருந்தனர். எங்கள் உடல்நிலையைத் தாளைப் பாராமலே அறிந்த மருத்துவர் அடுத்த தெருவில் இருந்தார். இவர்களுக்கு ஈடாக எந்த ஊரும் எவரையும் உடனே தந்துவிடுவதில்லை. வந்த முதல் ஆண்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் பேச ஆளின்றி வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் பல.

நெடுஞ்சாலையின் நெரிசல் மற்றொன்று. அதைக் கடந்து எதிர்ப்புறம் செல்வது முதியவர்க்குப் பெரும் சோதனை. பெரிய மருத்துவமனைக்குப் போரூர்ப் பக்கம் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கினால் இரண்டு நாள் வெளியே கால் வைக்க இயலாது. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரி, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுடன் அருகிலேயே விரிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான்.

சிறிய ஊர் என்று நம்பி வந்தோம். அது சிறிதாகவே நிற்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பூவிருந்தவல்லி நகராட்சியில் ஏறத்தாழ 57,000 பேர் இருந்தனர். அதன்பின் எழுந்த அடுக்ககங்களை எண்ணி மாளாது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ தடத்தில் குமணன்சாவடியும் ஒரு நிலையம். கலங்கரை விளக்கம் எங்கள் பழைய திருவல்லிக்கேணிக்கு அருகில்தான் இருக்கிறது. நாங்கள் விட்டுவந்த நகரம் தண்டவாளம் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்து வருகிறது என்று இல்லாள் சிரிப்பாள்.

அடியார்கள் காட்டிய வழி

பெரிய ஊரா, சிறிய ஊரா என்னும் இவ்வாராய்ச்சி இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான், அநபாயச் சோழனின் அமைச்சராகித் தலைநகரில் வாழ்ந்தார். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் மீது அவருக்கு அளவிறந்த பக்தி. அப்பெயரிலேயே தம் சொந்த ஊரான குன்றத்தூரில் ஓர் ஆலயம் எழுப்பினார். பெருநகரில் பதவி வகித்தவர், தாம் கண்ட பேற்றைப் பிறந்த ஊராருக்கும் ஆக்கிக்கொடுத்தார்.

திருநின்றவூரில் பூசலார் நாயனார் பொருளின்றி, நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டினார். அதே வேளையில் காஞ்சி மாநகரில் மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளைத் தள்ளிவைக்குமாறு பணித்துவிட்டுப் பூசலாரின் மனக்கோயிலுக்கு எழுந்தருளினான்.

அடியேன் மனத்தில் மிகவும் பதிந்தது பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளின் வரலாறே. இராமாநுசருக்காகப் பேரருளாளனிடம் ஆறு வார்த்தைகள் பெற்றுத் தந்த மகான் அவர். இவ்வூரில் நந்தவனம் அமைத்து, மலர் பறித்துத் தொடுத்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிக்குச் சென்று வரதனுக்குச் சார்த்தி, திருவாலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தார் என்பது மரபு. முதுமை வந்தது, கால்கள் தளர்ந்தன, காஞ்சிக்குச் செல்ல இயலவில்லை. அடியார் வர இயலாதபோது ஆண்டவனே வந்தான். வரதனுடன் திருவரங்கநாதனும் திருவேங்கடமுடையானும் பூவிருந்தவல்லியிலேயே நம்பிகளுக்குக் காட்சி தந்தனர் என்று தலவரலாறு கூறுகிறது. அத்திருக்கோயிலில் அம்மூவரையும் இன்றும் சேவிக்கலாம். நம்பிகளுக்கும் தனிச் சன்னதி உண்டு.

நடக்க இயலாத நாள்

இவ்வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் பொருள் இல்லாளின் கால் தளர்ந்தபோதுதான் விளங்கிற்று. ஓர் இரவு அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை பக்கத்து வீட்டுத் தாயும் மகளும் அவள் தலையை மடியில் தாங்கி அமர்ந்திருந்தனர். எலும்பு கூடிற்று, முழங்கால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆட்டோவில் ஏறவும் இறங்கவும் இயலாமற் போயிற்று. ‘ஆலயங்கள் அருகில் இருக்கின்றன’ என்று பெருமை பேசி வந்த வீட்டில், அவை காஞ்சியைவிடத் தொலைவாயின. “இனியும் அங்கே என்ன இருக்கிறது அப்பா?” என்று மகன் மறுபடியும் அழைத்தான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அடியேனிடம் விடை இல்லை.

அது புரட்டாசி மாதம். சனிக்கிழமைதோறும் தவறாது பெருமாளைச் சேவித்து வந்தவள், அன்று சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பெண்மணி சிறு செம்பில் தீர்த்தமும் இலையில் துளசியும் கொண்டுவந்தார். “அம்மா, இனி நீங்கள் கோயிலுக்கு வர முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். நாங்கள் இங்கே வருகிறோம்” என்றார். மறு சனிக்கிழமை மாலை தெருப்பெண்கள் ஐவர் எங்கள் கூடத்தில் அமர்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னார்கள். இல்லாள் கட்டிலில் சாய்ந்தபடி உடன் சொன்னாள். அவ்வழக்கம் இன்றளவும் நிற்கவில்லை.

மகனுக்கு அன்றிரவு விடை சொன்னேன். உள்ளவரை இங்கேயே இருக்கிறோம், நீ அடிக்கடி வந்து போ என்றேன்.

வீடு தேடும் அன்பர்களுக்கு

பெருநகரிலும் நல்ல அண்டை வீட்டார் உண்டு. சிறிய ஊரிலும் கதவைச் சாத்திக்கொள்வோர் உண்டு. ஆகவே ஊரின் பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நம்மால் எங்கெங்கே செல்ல முடியும் என்று கணக்கிடுகிறோம். நம்மால் செல்ல முடியாத நாளில் நம்மைத் தேடி யார் வருவார் என்பதையும் கணக்கிட வேண்டும். உடல் திடமாக இருக்கும்போதே தெருவாரிடம் உறவு பேணுங்கள். மாடிப்படியும் குளியலறையும் முதுமைக்கு ஏற்றவையா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அத்தெருவுக்குச் சென்று பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டிற்கே மருந்து கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் தமிழகத்தில் நடைபெறுகிறது. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதியோர் உதவி எண் 14567. அவசர ஊர்தி 108. இவ்விரண்டையும் தொலைபேசி அருகே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த தெருவில் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் தனியே வசிக்கிறார். பூவிருந்தவல்லி சென்று சேவித்துத் திரும்பும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று பிரசாதம் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் பேசிவிட்டு வருவதை இப்போது அடியேன் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் இல்லாளே நினைவூட்டுவாள்: “அவருக்கும் சேர்த்துத் துளசி வாங்கி வாருங்கள்.”