நோவு அறியாக் கைகள்

இளமையில் படும் துன்பம் மனிதனை உரப்படுத்தும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். துன்பத்தால் உரம் பெற்றாரினும் ஒடிந்து போனாரே மிகுதி என்பது என் எண்ணம். ஆதலின், துன்பம் எவ்வாறு ஒருவனுக்குத் தன்னம்பிக்கையாகக் கனிகிறது என்பதை ஒரு வாழ்க்கையைக் கொண்டு காட்ட விழைகிறேன். அவ்வாழ்க்கை வேர்விட்ட இடம், வல்வில் ஓரி ஆண்ட நம் கொல்லிமலை.

இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மலைமேல் ஏறுகிறது. நான் சொல்லும் காலத்தில் நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டும். மலைக்காய்ச்சல் குடிகொண்டிருந்த அவ்விடத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேயச் சமயத் தொண்டர்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தார். வெறுங்காலோடு மலையில் திரிந்த அச்சிறுவன், பலாமரக் கிளையில் அமர்ந்து கணக்குப் போட்டு, விடைத்தாளைக் கீழே நிற்கும் தாயிடம் போடுவானாம்! பாடம் எப்படியேனும் ஏறினால் போதும் என்று விட்ட அத்தாயை நான் வியக்கிறேன்.

தந்தை வீடு கட்டுவார், பல் பிடுங்குவார், புண்ணுக்கு மருந்திடுவார். ஒருநாள், விரல்கள் குறைந்த மூவர் வாசலுக்கு வந்தனர். பிள்ளைகளை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கையுறை அணிந்துகொண்டு அவர் கட்டுப்போட்டார். எதற்கும் அஞ்சாத தந்தை தொழுநோய்க்கு அஞ்சிய அக்காட்சி சிறுவன் நெஞ்சில் தங்கிவிட்டது.

1923-இல் ஒன்பது வயதுப் பாலும் தங்கையும் கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். கடிதமே உறவாயிற்று. 1929-இல் தந்தை கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். தந்தி முதலில் வந்தது. அவர் முன்னமே எழுதிய கடிதம் கப்பலில் பின்னர் வந்து சேர்ந்தது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளை அதை எப்படிப் படித்திருப்பான்!

படிப்பில் நாட்டமின்றி அவர் கட்டட வேலை பயிலச் சென்றார். மரத்தையும் கல்லையும் கையாண்ட அவ்வாண்டுகள் வீண் என்று பார்ப்பவர்க்குத் தோன்றியிருக்கும். ஆயினும், தன் கை ஒன்றைச் செம்மையாகச் செய்யும் என்ற உறுதி அங்கேதான் பிறந்தது என்று கருதுகிறேன். பின்னர் லண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல் மடங்கிய ஓர் இளைஞனின் கையில் தம் கையை வைத்து இறுக்கச் சொன்னார். பிடியின் வன்மையால் மருத்துவருக்கே வலித்தது. விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்தாலும், முன்கைத் தசைகள் உயிரோடு இருந்தன! அவற்றின் தசைநாணை விரலுக்குத் திருப்பிவிட்டால் மடங்கிய கை விரியுமன்றோ? தச்சன் மூளை அவ்வாறுதான் எண்ணும். தொழுநோயாளியின் தசை ஆறாது என்று பலர் கூறிய காலத்தில் அவர் துணிந்து கத்தி எடுத்தார். கைகள் விரிந்தன.

இன்னொன்றும் கண்டார். விரல்களை அழிப்பது நேரே நோயன்று, நோவு உணராமை. துருப்பிடித்த பூட்டைத் திறப்பவன் சதை கிழிவதை அறியான். இரவில் எலி கடிப்பதும் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தார்கள். இன்று நீரிழிவால் காலுணர்ச்சி இழந்தவர்க்கு, பாதத்தை நாள்தோறும் பார்க்கச் சொல்வதும் இதே கருத்தின்பாற்பட்டதுதான்.

தாய் ஈவ்லின் முதுமையிலும் மலையை விடவில்லை. மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ச் சென்று, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு முறை, பயணக் களைப்போடு லண்டன் வந்து காலணியைக் கழற்றிய பிராண்டுக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் உறங்காது கிடந்தார். பொழுது விடிந்ததும் ஊசியெடுத்துக் குதிகாலில் குத்திக்கொண்டார். சுரீரென்று வலித்தது. அவ்வலி அவருக்குத் தந்த மகிழ்ச்சியைப் பின்னாளில் பலமுறை எடுத்துரைத்தார்.