எழுத மனம் வரும் நேரம்

ஆண்டனி டிரோலப் 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருந்தபோதும் அதை விட்ட பிறகுமாக 47 நாவல்கள் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இது எப்படி நடந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு மேசைமுன் இருந்தாக வேண்டும். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனதும் எழுத்து முடிந்தது. அதற்கு மேல்தான் காலைச் சாப்பாடும் அலுவலகமும். இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான ஆள், வீட்டில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட வயதான பணியாளர். விடியுமுன் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கிடைத்தது. தன் வெற்றிக்காக வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக டிரோலப் எழுதினார். அதை வெறும் பணிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு எழுதலாமா வேண்டாமா என்ற கேள்வியைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் தன் மனத்திடம் விடாமல், முன்கூட்டியே இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டார். எழுத்துத் தொழிலின் அடிப்படை நுட்பம் இதில் இருக்கிறது என்பது என் கருத்து. எழுத வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் எழுதத் தொடங்கிய பிறகே வருகிறது. அது வரட்டும் என்று காத்திருப்பவர் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்.

எழுத மனம் வராததைச் சோம்பல் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை ஆராய்ந்த ஃபியூஷா சிரோயிஸ், டிமதி பிச்சில் ஆகிய உளவியலாளர்கள் 2013இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். நாம் தட்டிக்கழிப்பது வேலையை அல்ல, அந்த வேலை கிளப்பும் சங்கடத்தை. எழுத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுதத் தொடங்குகிறவருக்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியாது. எழுதியது நன்றாக இருக்கிறதா என்று உடனே சொல்ல ஆளில்லை. பலன் கிடைக்க மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். மேசையைவிட்டு எழுந்தால் அந்தச் சங்கடம் அந்தக் கணமே தீர்ந்துவிடுகிறது. அந்த நிம்மதியே பரிசாகி, நாளைக்கும் எழுந்துபோகச் சொல்கிறது. ஆகவே மனநிலை சரியாகட்டும் என்று ஒதுங்குகிற ஒவ்வொரு நாளும் ஒதுங்கும் பழக்கத்துக்கே உரமாகிறது.

கட்டாயத்தின் பேரில் எழுதினால் பக்கம் நிறையும், சரக்கு இருக்காது என்று ஒரு மறுப்பு உண்டு. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார். எழுத முடியாமல் திணறிக்கொண்டிருந்த 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு, மிக அவசரமானதைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இரண்டாவது குழு, தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு குறித்த நேரத்தில் எழுதியே தீர வேண்டும். தவறினால், தங்களுக்கு அறவே பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். தோன்றும்போது எழுதியவர்களைப்போல மூன்றரை மடங்கு பக்கங்களைக் கட்டாயக் குழு எழுதியது. அது எதிர்பார்த்ததுதான். புதிய யோசனைகளிலும் அவர்களே முந்தினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: இவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு ஒரு யோசனை, தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் கல்வித்துறைக்காரர்கள், கவிஞர்கள் அல்ல. இந்த ஒரு சோதனையை வைத்து எல்லா எழுத்துக்கும் விதி வகுக்க முடியாது. ஆனால் யோசித்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்ற நம்பிக்கையை இது பலமாகவே அசைக்கிறது. எழுதும்போதுதான் யோசனையும் நடக்கிறது.

கவிதையின் தரப்பிலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது. கவிஞர் ரில்கே தம் துயினோ இரங்கற்பாக்களை 1912இல் தொடங்கினார். பத்தாண்டுகள் அவை நிறைவு பெறவில்லை. 1922 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் மியூஸோ மாளிகையில், சில வாரங்களுக்குள் அவற்றை முடித்ததோடு ஆர்ஃபியஸ் சானெட்டுகளையும் எழுதிவிட்டார். எந்தக் கால அட்டவணையும் இப்படி ஒரு பிப்ரவரியைக் கொண்டுவந்திருக்க முடியாது. இதை மறுக்கவே கூடாது. ஆனால் அந்த இடைவெளியில் ரில்கே பேனாவை மூடி வைத்திருக்கவில்லை. ஏராளமான கடிதங்கள் எழுதினார், கவிதைகள் எழுதினார், மொழிபெயர்த்தார். பாய்ச்சல் வந்த நாளில் கை பழக்கத்தில் இருந்தது. தினசரிப் பயிற்சியால் அருளை வரவழைக்க முடியாவிட்டாலும், அது வருகிற நாளில் தாங்கிக்கொள்ளும் திறன் அதனால் வருகிறது.

பணியாளரும் காப்பியும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதினார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எழுதுவது என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இருந்தது. இடமும் நேரமும்தான் வித்தியாசம். தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்த வசதியைப் பத்திரிகையே செய்து கொடுத்தது. 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாரந்தோறும் எழுதிய கல்கிக்கு, அடுத்த இதழின் தேதி தள்ளிப்போடக்கூடியதாக இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் எழுதித் தீர்ப்பது என்று திட்டமிட்டால், உட்காரும் முன்பே சங்கடம் மலைபோல் நிற்கும். நோயோ துக்கமோ தூக்கமின்மையோ வாட்டும்போது எந்த அட்டவணையும் ஓய்வுக்கு ஈடாகாது. அப்போது வேலை செய்யச் சொல்வது கொடுமை. மற்ற நாட்களில் அரைமணி நேரம் போதும். டிரோலப்பின் முதல் அரைமணியைப்போல, நேற்று எழுதியதைப் படிப்பதில் தொடங்கலாம். அதற்குத் தைரியமோ உற்சாகமோ தேவையில்லை. படிக்கும்போது ஒரு சொல் உறுத்தும், அதை மாற்றுவீர்கள். மாற்றிய சொல் அடுத்த வாக்கியத்தையும் மாற்றச் சொல்லும்.