மிக்சரில் ஒரே ஒரு முந்திரி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சனி, ஞாயிறு இரண்டு நாள் சரணாலயத்தைச் சுற்றிவிட்டு, இங்கே இத்தனை வகைப் பட்டாம்பூச்சிகள் என்று அறிவிக்கிறார்களே, இதற்கு மேல் இல்லை என்று எப்படித் தெரியும்?”

தெரியாது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் ஓர் உயிரையும் விடாமல் பட்டியலிடுவது என்று 1998இல் இறங்கினார்கள். 20,000 இனங்களைத் தாண்டியாயிற்று; ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறிவியலுக்கே புதியவை. இன்னும் முடிந்தபாடில்லை. வாரக்கடைசியில் முடித்துவிடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆனால், விட்டுப்போனது குறைந்தது எவ்வளவு என்று கணிக்க ஒரு வழி உண்டு. அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

மிக்சர் பொட்டலத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளுங்கள். ஓமப்பொடியும் காராபூந்தியும் கொட்டிக் கிடக்கும். அவை எதையும் சொல்லா. அபூர்வங்களைப் பாருங்கள். முந்திரி ஒன்று, திராட்சை ஒன்று, பூண்டுப்பல் ஒன்று. இரண்டு முறை வந்தது கறிவேப்பிலை மட்டும். ஒற்றையாக வந்தவை மயிரிழையில் சிக்கியவை. அப்படிச் சிக்கியவை நிறைய என்றால், மயிரிழையில் தப்பியவையும் நிறைய இருந்தாக வேண்டும் அல்லவா? ஒற்றைகளின் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, இரட்டைகளின் இருமடங்கால் வகுத்தால் தப்பியவற்றின் கணக்கு. மூமூன்று ஒன்பது; வகுத்தல் இரண்டு; நாலரை வகை. அரை வகை எது என்று கேட்காதீர்கள். உடைந்த முந்திரியாக இருக்கலாம்.

தேடத்தேட, ஒற்றைகள் இரட்டையாகி, இரட்டைகள் கூட்டமாகும். ஒற்றையே இல்லை என்ற நிலை வந்தால் பட்டியல் ஏறக்குறைய முடிந்தது.

வரலாறும் சொல்லித்தான் ஆகவேண்டும். மலாயாவில் பட்டாம்பூச்சி சேகரித்த கார்பெட், இன்னும் தேடினால் எத்தனை புதியவை கிடைக்கும் என்று புள்ளியியலாளர் ஃபிஷரிடம் கேட்டார். அதற்குப் பதில் சொன்ன கட்டுரை 1943இல் வந்தது. கார்பெட்டின் 620 இனங்களில் 118 ஒற்றை, 74 இரட்டை. நான் மேலே சொன்ன சூத்திரம் தைவானைச் சேர்ந்த ஆன் சாவ் 1984இல் தந்தது. அதில் போட்டால் குறைந்தது 94 இனங்கள் பாக்கி.

இப்போது ஒரு பாட்டில் குளத்துநீர் போதும், அதிலுள்ள டிஎன்ஏ மொத்தக் காட்டையும் சொல்லிவிடும் என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே படித்து வைத்த டிஎன்ஏ இல்லாத உயிருக்கு அது பெயர் சொல்லாது. பெயரில்லாத பூச்சிகளோ ஏராளம்.

சாவ் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. பொட்டலத்தின் அடியில் தங்கும் உப்பும் காரப்பொடியும் விரலிடுக்கில் வழிந்துவிடும். எத்தனை பிடி அள்ளினாலும் ஒற்றையாகக்கூடக் கணக்கில் ஏறாது. வலைக்குச் சிக்காதது அப்படித்தான். சரணாலயத்தார் பகல் பத்து மணிக்குப் பட்டாம்பூச்சி எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை மரப்பட்டையில் ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.