மின்மினியின் ஒளியும் மணமும்

மறைமலை நகரில் மின்சாரம் நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் மகிழ்பவர் பாட்டி ஒருவரே. மொட்டை மாடிக்குச் சென்று, "எங்கள் ஊர் வயல் வரப்பில் இந்நேரம் மின்மினி மொய்க்கும்" என்பார். நான் இங்கு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. ஆகவே, படித்தறிந்தவற்றைத் தோழியருக்குக் கூற விரும்புகிறேன்.

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. அதன் அடிவயிற்றில் லூசிபெரின் என்னும் பொருள் உண்டு. லூசிபெரேஸ் என்னும் நொதியின் துணையால் அது ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. குண்டு பல்பைத் தொட்டால் கை சுடும்; மின்மினியைப் பிடித்தால் சூடே தெரியாது!

இவ்வொளி துணையைத் தேடும் பேச்சாகும். பல இனங்களில் ஆண் பறந்தவாறே விட்டு விட்டு ஒளிரும். புல்லில் அமர்ந்திருக்கும் பெண், அது தன் இனத்தின் ஒளிதானா என்று கவனித்து, குறித்த இடைவெளிக்குப் பின் பதில் ஒளி காட்டும். இடைவெளி தவறினால் ஆண் வராது. வட அமெரிக்காவிலுள்ள போட்டூரிஸ் இனத்துப் பெண் மகா தந்திரக்காரி. வேறு இனத்துப் பெண்ணைப் போலப் பதில் காட்டி, ஏமாந்து வரும் ஆணைத் தின்றுவிடும்.

நம் மாநிலத்திலும் ஓர் அதிசயம் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் எண்ணிலடங்கா மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்ததை வனத்துறையினர் பதிவு செய்தனர். ஒரு மரத்தில் தொடங்கும் ஒளி அடுத்தடுத்த மரங்களுக்கு அலைபோல் பரவுமாம். அங்கு இரவு இருட்டாக இருக்கிறது அல்லவா!

எல்லா மின்மினிகளும் ஒளியை நம்புவதில்லை. பகலில் பறக்கும் இனங்களுக்கு ஒளியால் என்ன பயன்? அவற்றில் பெண் ஒருவகை மணத்தைக் காற்றில் விடும். நம் மூக்குக்கு எட்டாத அம்மணத்தை ஆண் தன் உணர்கொம்புகளால் அறிந்து தேடி வரும். லாம்ப்ரிஜெரா இனத்துப் பெண்ணுக்குச் சிறகே இல்லை. பெரிய புழுவைப் போலத் தரையில் கிடந்து ஒளிரும். இலங்கையில் இவ்வினத்தின் புழுக்கள், பயிரை அழிக்கும் ஆப்பிரிக்க நத்தைகளை உண்கின்றன.

சிறகில்லாத பெண்ணால் வேறிடம் தேடிப் பறக்க முடியாது. ஆண்தான் அதைக் கண்டு வரவேண்டும். ஆனால் தெருவிளக்கின் வெளிச்சத்தில் அச்சிறு ஒளி எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் இத்தகைய மின்மினிகளைக் கொண்டு சோதித்தபோது, விளக்கொளி பட்ட இடங்களில் பெண்ணைக் கண்டடைந்த ஆண்கள் குறைவாகவே இருந்தன. பூச்சிமருந்தும், வற்றிய ஏரிகளும் கூடுதல் கேடு.

ஒரகடம் வரை தொழிற்சாலை விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. அவற்றால் பலருக்குச் சோறு கிடைக்கிறது. என் தந்தையும் இரவு முறை வேலைக்குச் செல்பவர்தாம். ஆயினும் கொல்லைப்புற விளக்கு விடிய விடிய எரிய வேண்டுமா? பாட்டி சொன்னதன் பேரில் இப்போது இரவு ஒன்பது மணிக்கே அதை அணைத்துவிடுகிறோம். மின்மினி இன்னும் வரவில்லை.