மருந்தா? மயக்கமா?

கருங்குழிக் கோட்டையை வெள்ளையன் எதைக் கொண்டு பிடித்தான்? பீரங்கியைக் கொண்டு! சென்னையிலிருந்து தெற்கே ஓடும் பெருஞ்சாலையில், மதுராந்தகத்துக்கு அருகே நின்ற அந்தக் கோட்டையை 1759ஆம் ஆண்டு டிசம்பரில் கர்னல் கூட்டின் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தது. அது ஏட்டில் உள்ள கதை. ஆனால், கோட்டையைப் பிடித்த சீமையான் பிறகு நம் குடலையும் பிடித்தானே, அந்தக் கதை தெரியுமா தோழர்களே? அதற்குப் பீரங்கி தேவைப்படவில்லை. ஒரு குப்பி போதுமாயிருந்தது!

விக்டோரியா ராணி ஆண்ட காலம். வாந்திபேதி வந்தால், காலையில் கழனிக்கு நடந்து போனவன் மாலையில் பாடையில் போவான். "மாரியாத்தாள் கோபம், கூழ் ஊற்று, கிடா வெட்டு" என்றான் பூசாரி. அவனை நாம் மேடைதோறும் கேட்டுவிட்டோம். அவனாவது படியாதவன். படித்த துரை என்ன செய்தார்?

இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் மருத்துவராயிருந்த ஜான் காலிஸ் பிரௌன் 1848இல் வாந்திபேதிக்கென்று ஒரு கலவை செய்தார். பெயர் குளோரோடைன். உள்ளே இருந்தது என்ன? அபினிச் சாரம், கஞ்சா, குளோரோஃபாம்! பின்னர் டாவன்போர்ட் என்ற மருந்து வணிகர் அதைக் குப்பியில் அடைத்து, 'டாக்டர்' பெயரை மேலே ஒட்டி, கடல் கடந்து விற்றார்.

குடித்தவனுக்குச் சுகம் தெரிந்தது. ஏன் தெரியாது? அபினி குடலை அடக்கும், வலியை மறைக்கும், கண்ணைச் சொருகச் செய்யும். ஆனால் வாந்திபேதியில் மனிதன் சாவது வலியால் அல்ல. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்து சாகிறான். வடிந்த நீரைத் திருப்பித் தர அந்தக் குப்பியில் ஒன்றும் இல்லை. வீடு பற்றி எரியும்போது, காவல்காரன் வாயைப் பொத்திவிட்டால் தீ அணைந்துவிடுமா?

விளம்பரத்தின் வித்தையைப் பாருங்கள். குளோரோடைனை முதலில் கண்டவர் யார் என்று 1864இல் லண்டனில் ஒரு வழக்கு. பிரௌன்தான் என்றார் நீதிபதி பேஜ் வுட். அவ்வளவுதான்! பிறகு பல ஆண்டுகள் விளம்பரத்துக்கு விளம்பரம் நீதிபதியின் பெயர். மருந்து நோயைத் தீர்க்குமா என்று நீதிமன்றம் ஆராயவே இல்லை. ஆனால் படித்தவன் எண்ணினான்: 'நீதிபதியே சொல்லிவிட்டார்!' அதே குப்பியின் மேல் 'விஷம்' என்று எழுதாமல் விற்றதற்காக 1892இல் டாவன்போர்ட்டுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பையும் விளம்பரத்தில் போட்டிருக்கலாமே!

இன்னொன்று பீச்சம் மாத்திரை. 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்' என்பது அதன் முழக்கம். கினி என்றால் 21 ஷில்லிங். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைச் சோதித்து, 1909இல் வெளியிட்ட நூலில் உண்மையை உடைத்தது. உள்ளே இருந்தவை மூசாம்பரம், இஞ்சி, சோப்பு! நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மூசாம்பரம். அடுப்பங்கரையில் கிடக்கும் இஞ்சி. துணி வெளுக்கும் சோப்பு! 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கம் அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலையோ 1 ஷில்லிங் 1½ பென்னி. கணக்குப் போடுங்கள் தோழர்களே, சரியாக 108 மடங்கு! கோயிலில் மட்டுமா நூற்றெட்டு? பெட்டிக்குள்ளும் நூற்றெட்டு!

அந்த 1½ பென்னி யாருக்கு? அரசாங்கத்துக்கு! மருந்துப் பெட்டிக்கு முத்திரை வரி. முத்திரையைக் கண்ட ஏழை, அரசாங்கமே ஒப்புக்கொண்ட மருந்து என்று நம்பினான். இவற்றுக்குப் 'பேட்டண்ட் மருந்து' என்று பெயர். அதுவும் புரட்டு! உண்மையான பேட்டண்ட் வாங்க வேண்டுமானால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். இவர்களோ மறைத்தே பிழைத்தார்கள்.

வணிகனுக்கு லாபம், அரசாங்கத்துக்கு வரி. ஏடுகளுக்கு? மாத்திரை விற்ற ஹாலோவே, 1883இல் இறக்கும் காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுன் கொட்டினார். அந்தப் பணம் வாயை அடைக்காதா? ஏடு நடத்தும் எவரும், நாம் உட்பட, நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இந்த வாணிபத்தை விசாரித்த பாராளுமன்றக் குழுவின் அறிக்கை 1914 ஆகஸ்டில் வந்தது. உலகப் போர் மூண்டது. அறிக்கை பரணுக்குப் போயிற்று.

சரி, வாந்திபேதியை வென்றது எது? 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் கிருமியைக் காட்டினார், மாரியாத்தாள் விடுதலையானாள். 1971இல் வங்கப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில், ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். கொடுத்தவர்கள் யார்? நோயாளிகளின் உற்றார் உறவினர்! 100க்குச் சுமார் 30 ஆயிருந்த சாவு 4க்கும் கீழே இறங்கிற்று.

நூறாண்டு ரகசியம் செய்யாததைச் செய்த மருந்தின் ரகசியம் இதோ: கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். குடிக்கக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குப்பி இல்லை, முத்திரை இல்லை, நூற்றெட்டு மடங்கு இல்லை!

நம் செங்கற்பட்டிலேயே இன்னொரு சான்று. தொழுநோயைத் தீர்ப்பேன் என்று லேகியம் விற்றவர் எத்தனை பேர்! 1940களில் திருமணி தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். கண்டதை மருத்துவ உலகின் முன் வைத்தார். மறைத்தவன் வணிகன், காட்டியவன் மருத்துவன்.

பழங்கதை என்று எண்ணாதீர்கள். மாயமருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954இல் சட்டம் வந்தது. புற்றுநோய், நீரிழிவு முதலான 54 நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். ஆயினும் 2024 ஏப்ரலில், தவறான விளம்பர வழக்கில் பதஞ்சலி நிறுவனத்தார் உச்சநீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, நாளேடுகளிலும் அதை வெளியிட நேர்ந்தது. இன்று குப்பி கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறது. 'முப்பது நாளில் சர்க்கரை ஓடும்' என்கிறது. அதை நம்பி, அரசு மருத்துவமனை இலவசமாகத் தரும் மாத்திரையை நிறுத்தும் தொழிலாளி, கூலியை மட்டுமா இழக்கிறான்? காலை இழக்கிறான், கண்ணை இழக்கிறான்!

எனவே தோழர்களே, எந்த மருந்தானாலும், சீமை மருந்தோ சித்த மருந்தோ, மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன? சோதித்தது யார்? குணமாகாதவர் எத்தனை பேர்? பதில் சொன்னால் வாங்குங்கள். 'பரம்பரை ரகசியம்' என்றால், கடையை விட்டு இறங்குங்கள்.

கருங்குழிக் கோட்டையைக் காக்கப் பீரங்கி வேண்டியிருந்தது. நம் குடலைக் காக்கக் கேள்வி போதும்!